காவிரித் தடம் – 12: பெயருக்கு முந்தைய மலை

அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் ஒரு குன்றைச் சொல்கிறார். திருவிழா ஒலி ஓயாத உறந்தைக்குக் கிழக்கே அது உயர்ந்து நிற்கிறது. அதன் சரிவில் காந்தள் மண்டிப் பூத்திருக்கிறது. அந்தப் பூவின் மணத்தில் தலைவியின் நினைவை ஏற்றிவிட்டுப் பாட்டு முடிந்துவிடுகிறது. குன்றின் பெயரைப் புலவர் சொல்லவில்லை. உறந்தை என்றால் உறையூர். அதற்குக் கிழக்கே உள்ள நெடிய குன்று, நாம் திருச்சி மலைக்கோட்டை என்று அழைக்கும் பாறைதான். சோழர் தலைநகரைச் சொல்லித் திசையைக் காட்டினாலே கேட்பவருக்கு விளங்கிவிட்ட காலம் அது.

சென்ற இதழில் உறையூர் நெசவைப் பார்த்தோம். கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வரும் 'அர்கரு' என்னும் உள்நாட்டு ஊரையும், அங்கிருந்து போன மெல்லிய துணியையும் பற்றிப் பேசினோம். இந்த இதழில் உறையூரிலிருந்து கிழக்கே திரும்பி அந்தப் பாறையைப் பார்ப்போம். பெயரில்லாமல் இலக்கியத்துக்குள் வந்த குன்றுக்கு இன்று பெயர்க்காரணம் சொல்லப் பல தரப்புகள் இருக்கின்றன. பாறை எப்படி வந்தது, பெயர் எப்படி வந்தது, எதிரே உள்ள தீவு எப்படி வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பல கதைகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைத் தள்ளிவிடுவது வரலாறு ஆகாது. எந்தக் கதை எந்தக் காலத்தில் முதன்முதலாகக் காதில் விழுகிறது, அதைச் சொன்னவர் யார் என்று வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும்.

விழுந்த மலையா, நின்ற மலையா?

மலைக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள நம் காட்டூரில் இருப்பவர்களுக்கு இந்த வட்டாரத்தின் கிடப்பு எளிதில் பிடிபடும். தஞ்சாவூர் சாலையில் மேற்கே போனால் மலைக்கோட்டை. போகிற வழியில் தென்புறமாகப் பொன்மலை. கிழக்கே போனால் திருவெறும்பூர்க் குன்றும் அதன் மேல் எறும்பீசுவரர் கோவிலும். வயலும் வாய்க்காலுமாகக் கிடந்த சமவெளியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இந்தக் குன்றுகள் மட்டும் எப்படி எழுந்தன என்ற கேள்வி இங்கே குடியேறிய முதல் தலைமுறைக்கே வந்திருக்கும்.

புராணம் சொன்ன விடை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் யார் பெரியவர் என்று போட்டி. ஆதிசேடன் மலையைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க, வாயு வீசிய வேகத்தில் கயிலைச் சிகரத்தின் துண்டுகள் பெயர்ந்து தெற்கே விழுந்தன. ஒன்று திருக்காளத்தி, ஒன்று திருச்சிராப்பள்ளி, ஒன்று ஈழத்துத் திருக்கோணமலை. மூன்றும் தென்கயிலாயம் எனப்படுகின்றன. ஆந்திரத்தின் தென்கோடி, சோழநாட்டின் நடுப்பகுதி, கடல் தாண்டிய கிழக்கிலங்கை என்று வெகுதூரம் பிரிந்து கிடக்கும் மூன்று சைவத் தலங்களை இந்தக் கதை ஒரே மலையின் பிள்ளைகளாக்குகிறது. யாத்திரை போனவர்கள் அந்த ஊர்களை ஒன்றாக நினைத்துக்கொள்ள இந்த உறவு உதவியது.

சுற்றுலாக் கையேடுகள் வேறொரு விடை சொல்கின்றன. இந்தப் பாறைக்கு 380 கோடி ஆண்டு வயது, இமயத்தைவிடப் பழையது என்பார்கள். இரண்டாம் பாதி சரி. இமயமலை எழத் தொடங்கியே ஏறத்தாழ 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. தமிழகத்தின் கருங்கற்கள் எல்லாமே அதற்கு மிக மூத்தவை. முதல் பாதியை அப்படி ஏற்க முடியாது. 380 கோடி என்பது கிரீன்லாந்தின் இசுவா பாறைகளுக்குச் சொல்லப்படும் வயது. பாறைக்குள் இருக்கும் சிர்கான் என்னும் நுண்மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து நிலவியலாளர் காலம் கணிக்கிறார்கள். தென்தமிழகப் பாறைப் பரப்பில் அப்படி அளந்ததில், பழையவை 250 கோடி ஆண்டை ஒட்டியும், பின்னால் அவற்றைப் பூமிக்கடியில் வேகவைத்து உருமாற்றிய பெரும் வெப்பம் 55 கோடி ஆண்டை ஒட்டியும் வருகின்றன. இந்த வயதே வியக்கத்தக்கதுதான். அதை மேலும் கூட்டிச் சொல்லி மலைக்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை.

குன்றின் வடிவம் எப்படி வந்தது என்பதற்கும் நிலவியலில் தெளிவான விடை இருக்கிறது. சுற்றிலும் இருந்த பாறையில் வெடிப்பும் கீறலும் மிகுதி. மழையும் வெயிலும் அவற்றில் புகுந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் உதிர்த்து, ஆறுகள் வாரிக்கொண்டு போயின. வெடிப்புக் குறைந்த, இறுகிய பகுதி மட்டும் எஞ்சியது. மலைக்கோட்டை சுமார் 83 மீட்டர் உயரத்துக்கு நிற்பது இப்படித்தான். புராணத்தில் மலை மேலிருந்து வந்து விழுகிறது. நிலவியலில் மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுற்றிலும் இருந்த நிலம்தான் போய்விட்டது.

பெயருக்கு நான்கு காரணங்கள்

இனிப் பெயர். முதல் காரணம் தலபுராணத்தில் வருவது. மூன்று தலை கொண்ட திரிசிரன் என்னும் அரக்கன் இங்கே சிவனை வழிபட்டான், அதனால் திரிசிரபுரம். 19ஆம் நூற்றாண்டில் உ.வே. சாமிநாதையரின் ஆசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் திரிசிரபுரம் மகாவித்துவான் என்றுதான் தமிழுலகம் அழைத்தது. அவ்வளவு வேரூன்றிய பெயர் அது.

இரண்டாவது, 'சிரா' என்ற சமணத் துறவியின் பள்ளி என்பது. உச்சிப்பிள்ளையார் கோவிலுக்குக் கீழே, பாறையின் பின்பக்கச் சரிவில் இயற்கைக் குகை ஒன்று இருக்கிறது. உள்ளே துறவிகள் படுப்பதற்காகத் தரையை வழவழப்பாக்கிச் செதுக்கிய கற்படுக்கைகள். தலை வைக்கும் பக்கம் கல்லிலேயே சற்று மேடு விட்டிருக்கிறார்கள். படுக்கைகளை ஒட்டிப் பழைய எழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றைச் 'சிரா' என்று படித்த ஆய்வாளர்கள் ஊர்ப்பெயரை அதிலிருந்து கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது, யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் வருவது. 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் ஊர்ப்பெயர் 'திருச்சிலாப்பள்ளி' என்று இருப்பதைக் காட்டி, திரு சிலை பள்ளி, அதாவது புனிதப் பாறை ஊர் என்றார்கள். நான்காவது, தெலுங்கறிஞர் சி.பி. பிரவுன் சொன்ன 'சிருதபள்ளி', அதாவது சிற்றூர். மதுரை நாயக்கர்கள் இதைக் கோட்டை நகரமாக்கி, இடையிடையே தலைநகரமாகவும் வைத்திருந்ததால் தெலுங்கு இங்கே வீட்டுமொழிகளில் ஒன்றாக இருந்தது. ஆகவே அவர் அந்தப் பக்கம் தேடியதில் வியப்பில்லை.

இவற்றை எடைபோட நம்மிடம் உறுதியான அளவுகோல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார்கள். இருவர் வாயிலும் ஊர்ப்பெயர் 'சிராப்பள்ளி' என்ற வடிவத்தில்தான் வருகிறது. 'திரு' என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட மரியாதை அடைமொழி. அதை எடுத்துவிட்டால் திரிசிரனின் 'திரி' அங்கே இல்லை; மூன்று தலையும் போய்விடுகின்றன. 'திருச்சிரா' என்ற முழுப்பெயர் புழக்கத்துக்கு வந்த பிறகு, அதன் ஓசையிலிருந்து பிறந்த கதையாகவே அது தெரிகிறது. 'சிலா' வடிவம் தேவாரத்துக்கு ஏறத்தாழ 900 ஆண்டு பிந்தியது. 'சிருத' அதைவிடப் பிந்தியது. ஐரோப்பியர் எழுதிய 'திரிச்சினாபொலி' என்ற வடிவம் சுருட்டோடு சேர்ந்து உலகெங்கும் போனது. 1887இல் ஷெர்லக் ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்தே அந்தச் சுருட்டை அடையாளம் காணும் அளவுக்குப் புகழ் பெற்றது. ஆனாலும் பிறப்பைத் தேடுபவருக்கு அதனால் பயனில்லை.

அப்படியானால் சமணத் துறவிதான் வென்றாரா? பள்ளி என்ற சொல் அவருக்குத் துணை நிற்கிறது. சோழர் கல்வெட்டுகளில் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்றே பெயர். ஆனால் பள்ளி என்று முடியும் ஊர்களை அப்பர் தம் அடைவுத் திருத்தாண்டகத்தில் ஒரே பாட்டில் அடுக்குகிறார். காட்டுப்பள்ளி, சக்கரப்பள்ளி, நனிபள்ளி என்று நீளும் அந்த வரிசையில் நம் குன்றும் இருக்கிறது. எல்லாம் சிவத்தலங்கள். அவை அனைத்தும் முன்பு சமணப் பள்ளிகளாக இருந்தன என்று சொல்ல ஆதாரமில்லை. தங்குமிடம், சிற்றூர் என்ற பொருள்களும் அந்தச் சொல்லுக்கு உண்டு. குகையில் துறவிகள் தங்கியது கண்ணால் காணும் உண்மை. ஊரின் பெயர் அவர்களில் ஒருவருடையது என்பது நல்ல ஊகம். இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

பெயர் ஒத்துப்போவதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் காட்டூரே சான்று. சுந்தரர் தம் ஊர்த்தொகைப் பதிகத்தைக் காட்டூர் என்ற பெயரோடுதான் தொடங்குகிறார். அது நம் காட்டூர் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் ஆசை வரும். ஆனால் காடு திருத்தி ஊரான இடமெல்லாம் தமிழ்நாட்டில் காட்டூர்தான். கல்வெட்டோ கோவில் ஆவணமோ துணைக்கு வராமல் அந்தப் பாட்டை நாம் உரிமை கொண்டாடினால், மற்றக் காட்டூர்க்காரர்களும் அதே உரிமையோடு வந்து நிற்பார்கள்.

மகேந்திரவர்மன் எழுதிய பிறப்புக் கதை

மலையில் காலம் தெளிவாகத் தெரியும் மிகப் பழைய ஆவணம் மேல் குடைவரைக் கோவிலில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த இலலிதாங்குர பல்லவேசுவர கிருகம் அது. கருவறைக்கு எதிர்ச்சுவரில் கங்காதரர் சிற்பம். மேலிருந்து இறங்கும் கங்கையைச் சிவபெருமான் சடையை நீட்டி ஏந்துகிறார். இருபுறத் தூண்களிலும் கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுள்கள்.

அவற்றில் அரசன் இந்தக் கோவில் ஏன் மலைமேல் வந்தது என்று காரணம் சொல்கிறான். மண்ணில் ஒரு கோவிலில் இருந்தால் சோழவள நாட்டையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டாராம். அதனால் மலையில் இடம் தந்தானாம். இன்னொரு செய்யுளில், ஆறுகள்மேல் விருப்பம் கொண்ட கணவர் அழகிய காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று மலைமகள் அஞ்சுகிறாள். பிறந்த வீட்டை விட்டு வந்து இங்கேயே தங்கி, காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று ஓயாமல் நினைவூட்டுகிறாள். வேறொரு செய்யுள், அரசன் எதிர்வழியிலிருந்து திரும்பியதைச் சொல்கிறது. அவன் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்ததற்கு அதுவே சான்று என்பார் பலர். அவ்வளவு தூரம் பொருள் கொள்ள முடியாது என்பாரும் உண்டு.

திரிசிரன் இந்தச் செய்யுள்களில் இல்லை. கயிலையின் துண்டும் இல்லை. 7ஆம் நூற்றாண்டு அரசன் மலைக்குச் சொன்ன பிறப்புக் கதையில் இருப்பது காவிரியும் அவளைப் பற்றிய உரிமைப் பேச்சும்தான். காஞ்சியிலிருந்து ஆண்டவன் சோழர்களின் ஆற்றைத் தன் துணைவி என்று கல்லில் எழுதுகிறான். பிறப்புக் கதைக்குள் அரசியல் இருக்கிறது. அதை அவன் மறைக்கவும் இல்லை.

சில நூற்றாண்டுகள் கழித்து அதே குகையில் இன்னொருவர் தமிழில் எழுதினார். வேம்பை ஊரைச் சேர்ந்த நாராயணன் பாடிய சிராமலை அந்தாதி, நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களோடு கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓலையில் இருந்திருந்தால் அழிந்திருக்கக்கூடிய ஒரு முழு நூலைப் பாறை காத்துத் தந்திருக்கிறது. அதன் பெயரே நமக்கு ஒரு செய்தி. 'பள்ளி' இல்லாமல் 'சிரா' தனியே மலையோடு சேர்ந்து நிற்கிறது. குன்றின் மூலப்பெயர் 'சிரா' என்றும், பள்ளி அதன்மேல் ஏறியது என்றும் கொள்ள இது இடம் தருகிறது. அந்தச் 'சிரா' ஆளா, மலையா என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.

ஒரே அசுரன், இரண்டு மரபு

திரிசிரன் கதை பிந்தியது என்பதால் அதைத் தூக்கி எறிந்துவிட முடியாது. மலைக்கோட்டையிலிருந்து சற்றுத் தூரத்தில் நத்தர் வலி தர்கா இருக்கிறது. மேற்கிலிருந்து வந்த இந்த சூஃபி 11ஆம் நூற்றாண்டில் இங்கே அடங்கினார் என்பது தர்கா மரபு. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1795இல் சென்னையில் இறந்தபோது, அவரை அடக்கம் செய்ய இந்த தர்காவுக்குத்தான் கொண்டுவந்தார்கள். நவாபுகள் காலத்தில் நகருக்கே நத்தர் நகர் என்ற பெயரும் வழங்கியது.

நத்தர் வலியைப் பற்றிய கதையில், அவர் இங்கே வந்து அடக்கியது ஒரு மூன்றுதலை அசுரனை. சைவ மரபில் சிவனை வணங்கிய அதே திரிசிரன் இசுலாமிய மரபில் வலியிடம் தோற்கிறான். இரண்டு மரபும் இந்த ஊரின் பூர்வகுடியாக ஒரே ஆளைத்தான் ஏற்றுக்கொள்கின்றன. புதிதாக வந்தவர்கள் உள்ளூர்க் கதையைத் தள்ளிவிடாமல், அதற்குள்ளேயே தங்களுக்கு ஓர் இடம் தேடிக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. ஊர்ப்பெயரின் பிறப்பை அறிய இந்தக் கதை உதவாது. இந்த ஊரில் மக்கள் ஒருவரோடொருவர் எப்படி வாழப் பழகினார்கள் என்பதை அறிய உதவும்.

அரங்கம்

மலைமேல் நின்று வடக்கே பார்த்தால் இரண்டு ஆறுகளுக்கு நடுவே தீவு. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே வருவது காவிரி. கல்லணை அருகே இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. இடைப்பட்ட நிலத்தில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும். ஆற்றிடைக் குறைக்குத் தமிழில் அரங்கம் என்றும் துருத்தி என்றும் பெயர் உண்டு. சிலப்பதிகாரம் திருமால் பள்ளிகொண்ட இடத்தைக் காவிரியின் துருத்தி என்றே சொல்கிறது. மைசூர் அருகே ஸ்ரீரங்கப்பட்டணம், அதற்குக் கீழே சிவனசமுத்திரம், நம் ஸ்ரீரங்கம் மூன்றும் காவிரித் தீவுகள். மூன்றிலும் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். வடமொழியின் 'ரங்கம்' ஆடரங்கைக் குறிக்கும். திருவரங்கத்தில் எது முந்தியது என்று கேட்டால், மூன்று தீவுகளும் தமிழ்ப் பொருளின் பக்கம் நிற்கின்றன என்றுதான் நான் எண்ணுகிறேன்.

இந்தத் தீவும் நிலைத்த ஒன்றல்ல. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. கடலுக்கு அது நேர்வழி. விட்டால் காவிரியின் நீர் முழுவதும் அதில் இறங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த அணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஆறு எங்கே போக வேண்டும் என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.

கதைகளுக்கு அடியில் வெள்ளம்

இப்போது இந்த வட்டாரத்தின் மூன்று கதைகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

மலைக்கோட்டைச் சிவனான தாயுமானவரின் கதையில், பிரசவத்துக்கு மகள் காத்திருக்கிறாள். தாய் வந்து சேர முடியவில்லை, காவிரியில் வெள்ளம். சிவனே தாயாக வந்து மருத்துவம் பார்க்கிறார். சுகப்பிரசவம் வேண்டிப் பெண்கள் இன்றும் இங்கே வாழைத்தார் சாத்துகிறார்கள்.

உறையூர்க் கதையில், சாரமா முனிவரின் நந்தவனத்துச் செவ்வந்திப் பூக்கள் அரசனுக்காகத் திருடப்படுகின்றன. முறையிட்ட முனிவருக்காக மலைக்கோட்டை இறைவன் மேற்கே திரும்பி உறையூர்மேல் மண்மாரி பொழிகிறார். வீடிழந்த மக்களோடு தானும் கூரையில்லாமல் இருப்பேன் என்று வெக்காளியம்மன் வானம் பார்த்த கருவறையில் அமர்ந்துவிடுகிறாள். அவள் முன்னே சூலத்தில், வேண்டுதலைத் தாளில் எழுதிக் கட்டுகிறார்கள்.

ஸ்ரீரங்கத்துக் கோயிலொழுகில், பழைய கோவில் மணலில் புதைந்து காடாகிக் கிடக்கிறது. கிளி சொன்ன சேதியைக் கேட்டுச் சோழன் தோண்டி எடுக்கிறான். கிளிச்சோழன் என்று அவனுக்குப் பெயர்.

ஒன்று சைவத் தலபுராணம், ஒன்று அம்மன் கதை, ஒன்று வைணவக் கோவில் ஒழுகு. சொன்னவர் வேறு, காரணம் வேறு. ஆனால் மூன்றிலும் வெள்ளமோ, ஊரை மூடும் மண்ணோ, கோவிலை மூடும் மணலோ இருக்கிறது. எந்த ஆண்டு, எந்த வெள்ளம் என்று இவற்றிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக எதற்கு அஞ்சினார்கள், எதிலிருந்து மீண்டார்கள் என்பதில் மூன்றும் ஒரே குரலில் பேசுகின்றன. மகேந்திரவர்மனின் செய்யுளிலும் மையத்தில் நின்றது காவிரிதான்.

பிறப்பைத் தேடும்போது மூத்த சாட்சியைத்தான் நம்ப வேண்டும். அகநானூறும் தேவாரமும் குகை எழுத்தும் அதற்கு உதவுகின்றன. பிற்காலத்துக் கதைகள் மக்கள் பட்டதைச் சொல்கின்றன. அந்த அளவில் அவையும் ஆவணங்கள். யார் முதலில் வந்தார் என்ற சண்டைக்கு இந்த இரண்டையும் கலந்து பயன்படுத்துவதுதான் தவறு. இந்தப் பாறையில் சமணர் படுத்திருக்கிறார்கள். பல்லவனும் பாண்டியனும் குடைந்திருக்கிறார்கள். நாயக்கர் கோட்டை கட்டினார்கள். அடிவாரத்தில் லூர்து அன்னை ஆலயமும், சற்றுத் தள்ளி நத்தர் வலியும் இருக்கிறார்கள். இவர்களில் எவருக்கும் இங்கே இருக்கும் உரிமை ஒரு பெயர்க்காரணத்தால் வந்ததில்லை. அது பொய்த்தால் போகப்போவதும் இல்லை.

அடுத்த இதழில் ஸ்ரீரங்கத்துத் துலுக்க நாச்சியார். 1311இலும் 1323இலும் நடந்த படையெடுப்புகள், 1371இல் கோபண்ணர் பெருமாளை மீண்டும் எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் கல்வெட்டு, இவற்றுக்கு நடுவே கைலி உடுத்தி ரொட்டி அமுது செய்யும் ஒரு வழக்கம் எங்கிருந்து பிறந்திருக்கும், கர்நாடகத்து மேல்கோட்டையிலும் அதே கதை ஏன் சொல்லப்படுகிறது என்று பார்ப்போம்.